ஏழையின் மீன் எவருக்குத் தீனி?

காசிமேட்டில் விடியுமுன்னே ஏலம் தொடங்கிவிடுகிறது. பெரிய மீன் ஏற்றுமதிக்குப் போகிறது, போகட்டும். திருவொற்றியூர்த் தொழிலாளியின் குழம்புச் சட்டிக்கு வர வேண்டிய பொடிமீனிலும் ஒரு பங்கு எங்கே போகிறது, தோழர்களே? மீன் தூள் ஆலைக்கு! ஏறத்தாழ 5 கிலோ பச்சை மீன் அரைபட்டு 1 கிலோ தூளாகிறது. பண்ணை இறாலுக்குத் தீனியாகிறது. அந்த இறாலோ கப்பலேறுகிறது! இதுவா வளர்ச்சி என்று கேட்கிறோம்.

வேறு வழி இல்லையா? உண்டு. சோயாப் புண்ணாக்கு உண்டு. ஈப்புழுவின் புரதம் உண்டு. வெட்டி எறியும் மீன்தலையும் குடலும் உண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், மீன் கழிவிலிருந்தே இறால் குளங்களுக்கான 'பிளாங்க்டன் பிளஸ்' ஆக்கிக் காட்டியிருக்கிறது. அந்த அறிவு, காசிமேட்டில் மீன் வெட்டும் தாய்மார்களின் கூட்டுறவுக்கு வரட்டும்! கழிவு தீனியாகட்டும், மீன் உழைப்பவன் தட்டுக்கு வரட்டும்!