கும்மிடிப்பூண்டித் தொழிலாளரின் கைரேகையும் தனியுரிமையும்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. உள்ளூர் மக்களுடன் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தவரும் இங்குப் பணிபுரிகின்றனர். இத்தகைய தொழிற்பேட்டைகளில் வருகைப் பதிவேட்டின் இடத்தைக் கைரேகைக் கருவியும் முகமறி கருவியும் பெற்று வருகின்றன. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்ற இயலாது. அத்தரவின்மீது தொழிலாளிக்குள்ள உரிமை யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தீர்ப்பும் முந்தைய விதிகளும்

புட்டசாமி வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. எனினும் அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசையே கட்டுப்படுத்துவன. தனியார் ஆலையைப் பொறுத்தவரை, தொழிலாளி நாடாளுமன்றச் சட்டத்தையே சார்ந்திருக்க வேண்டியுள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்கீழ் 2011இல் வகுக்கப்பட்ட விதிகள், கைரேகை போன்ற உயிரியளவுத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையாகக் கொண்டு, அதனைத் திரட்ட எழுத்துவழி ஒப்புதலை வேண்டின. பாதுகாப்பில் அலட்சியத்தால் இழப்பு நேரின் இழப்பீடு பெறவும் அப்பிரிவு வழிசெய்தது.

2023ஆம் ஆண்டுச் சட்டம்

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 அத்தனி வகையைக் கைவிட்டது. இதன் ஏழாம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக ஒப்புதலின்றியே தரவைக் கையாள இடமளிக்கிறது. இதன் விளைவு ஆழமானது. எட்டாம் அட்டவணை மொழிகளில் தரத்தக்க அறிவிப்பு, ஒப்புதல் கோரும்போது மட்டுமே கட்டாயம். தரவைக் கேட்டறியவும் திருத்தவும் அழிக்கவும் உள்ள 11, 12ஆம் பிரிவுகளின் உரிமைகளும் ஒப்புதல் அளித்தவர்க்கே உரியன. ஒப்புதல் கேட்கப்படாத ஒடியத் தொழிலாளிக்கு அவர்தம் மொழியில் அறிவிப்பும் இல்லை. தம் பதிவைக் கேட்டறியும் உரிமையும் இல்லை.

தரவைக் காக்கும் கடமையும் கசிவைத் தெரிவிக்கும் கடமையும் முதலாளிக்கு உண்டு. தவறின் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆயின் அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியைச் சேரும்; பாதிக்கப்பட்டவரைச் சேராது. இழப்பீடு வழங்கிய 43ஏ பிரிவையும் இச்சட்டமே நீக்க வகைசெய்கிறது.

முடிவுரை

வேலை இழக்க அஞ்சுபவர் அளிக்கும் ஒப்புதல் தடையற்ற ஒப்புதலாகாது. எனவே ஒப்புதலைக் கேளாமை மட்டும் குறையன்று. உரிமைகளை ஒப்புதலோடு பிணைத்ததே குறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தரவு எந்த அடிப்படையில் பெறப்படினும் அறியும் உரிமையை அளிக்கிறது. அறிவிப்பையும் அறியும் உரிமையையும் ஒப்புதலினின்று பிரித்தளித்தாலன்றி, தனியுரிமை ஆலை வாயிலோடு நின்றுவிடும்.