விளைத்தவன் வேலிக்கு வெளியே

அறிவை விளைவிப்பவன் ஒருவன். அதற்கு வேலி கட்டிச் சாவியை வைத்திருப்பவன் வேறொருவன். நமது ஸர்வகலாசாலைகளிலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் உழைக்கும் அறிஞர்களில் பலருடைய நிலைமை இதுவே. ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு ஆராய்ச்சி நடைபெறுகிறது. அதன் பலனை ஆராய்ச்சியாளர் கட்டுரையாக வரைந்து அந்நியப் பதிப்புக் கம்பெனியின் சஞ்சிகைக்கு அனுப்புகிறார். அதற்கு அவருக்குச் சன்மானம் கிடையாது. கட்டுரையின் தகுதியைச் சோதிக்கும் சக பண்டிதர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே அவ்வேலையைச் செய்கிறார்கள். கட்டுரை ஏற்கப்பட்டதும் உரிமை மாற்றுப் பத்திரம் ஒன்று வருகிறது. படித்துப் பாராமலே கையொப்பமிடுவோர் பலர். அந்தக் கணமே அவ்வெழுத்தின் மீதுள்ள உரிமை கம்பெனியைச் சேர்ந்து விடுகிறது.

சட்டம் ஆசிரியனைக் கைவிட்டதா என்றால், இல்லை. 1957-ம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பொதுவாக எழுதியவனே முதல் உரிமையாளன். அவன் ஆயுட்காலமும் அதன்பின் 60 வருஷங்களும் அவ்வுரிமை நீடிக்கும். எழுத்து மூலமாகக் கையொப்பமிட்டாலன்றி அது பிறருக்கு மாறாது. காலம் குறிக்காத பத்திரம் 5 வருஷங்களுக்கு மட்டுமே செல்லும். எல்லை குறிக்காத பத்திரம் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். சட்டம் இத்தனை அரண்களை அமைத்திருக்க, கம்பெனிகளின் அச்சிட்ட பத்திரமோ பெரும்பாலும் உரிமைக்காலம் முழுவதையும், உலகம் முழுவதையும் கேட்கிறது. கேட்டதை நாமும் கொடுத்து விடுகிறோம்.

நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள பேதத்தை நம் நாட்டுக் குடியானவன் நன்கறிவான். பட்டம் பெற்ற பண்டிதர்கள் அதை மறந்து விடுவதுதான் விந்தை. ஒரு கட்டுரையை வெளியிடுவதற்குக் கம்பெனிக்கு வேண்டியது அநுமதி மட்டுமே. அநுமதி போதுமான இடத்தில் உடைமையையே தாரை வார்ப்பானேன்? கிரயம் எழுதிக் கொடுத்தவர் தாம் வரைந்த படத்தையே தமது புது நூலில் சேர்க்க விரும்பினாலும், கம்பெனி திருப்பியளித்துள்ள சலுகைகள் எவையென்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நம் சர்க்கார் சந்தாவுக்குப் பெருந்தொகை செலவிடுவதை நேயர்கள் அறிவார்கள். 2024 நவம்பர் 25-ல் மத்திய மந்திரிசபை ‘ஒரே தேசம், ஒரே சந்தா’ என்னும் திட்டத்தை அங்கீகரித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று வருஷங்களுக்கு ரூ. 6,000 கோடி, 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 சஞ்சிகைகள். சர்க்காரைச் சேர்ந்த 6,300-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்களுக்கு இதனால் வாசல் திறக்கிறது. சிறு ஊர்க் கல்லூரி மாணவனும் உயர்ந்த சஞ்சிகைகளைப் படிக்க முடிவது நன்மையே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் படிக்கும் அநுமதி வேறு, எடுத்தாளும் உரிமை வேறு. சந்தா செலுத்திவிட்டதனால் அக்கட்டுரையைத் தமிழில் பெயர்த்து அச்சிடும் உரிமை வந்துவிடாது. மொழிபெயர்ப்பும் பதிப்புரிமையின் ஓர் அங்கமே.

சட்டம் சில சலுகைகளை அளித்திருப்பது மெய்தான். சொந்த ஆராய்ச்சிக்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம். பாடம் நடத்தும் பொருட்டு ஆசிரியரும் மாணவரும் பிரதி எடுக்கலாம். டில்லி ஸர்வகலாசாலையில் பாடப் பகுதிகளைப் பிரதி எடுத்ததை எதிர்த்துப் பெரும் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கை 2016-ல் டில்லி ஹைகோர்ட்டு தள்ளிற்று. கட்டுரையிலுள்ள உண்மைகளும் எண்ணங்களும் எவர்க்கும் உடைமையல்ல. எழுதப்பட்ட வடிவத்துக்கே காப்பு. எனினும், தமிழில் விஞ்ஞான நூல் இயற்றிப் பொதுஜனங்களிடம் சேர்க்க விரும்புவோனுக்கு வகுப்பறைச் சலுகை போதாது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 2002-ம் வருஷம் முதல் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் பொது அநுமதிகள் வழங்கி வருகின்றன. அவை ஆறு வகைப்படும். ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது ஆறுக்கும் பொது. அது ஒன்றையே முக்கிய நிபந்தனையாகக் கொண்ட அநுமதியின் கீழ், கட்டுரையை எவரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். மாற்றம் கூடாது என்னும் நிபந்தனை சேர்ந்தாலோ, மொழிபெயர்ப்பை வெளியிடத் தனி அநுமதி பெற வேண்டும். இச்சிறு வித்தியாசத்தைக் கவனியாமல் அநுமதியைத் தேர்ந்தெடுப்போர் தம்மையறியாமலே தாய்மொழிக்குக் கதவை அடைக்கிறார்கள். இவ்வகையில் வெளியிடப் பல கம்பெனிகள் ஆசிரியரிடமே கட்டணம் கேட்பதும் உண்டு. ஆகையால் ஸ்தாபனங்களின் துணையின்றித் தனி மனிதரால் இது கைகூடாது.

அந்தத் துணைக்கு முன்மாதிரி உண்டு. 2008-ல் ஹார்வர்டு ஸர்வகலாசாலையின் கலை, விஞ்ஞானப் பிரிவு ஆசிரியர்கள், தங்கள் கட்டுரைகளை வெளியிடும் அநுமதியை முன்கூட்டியே தங்கள் ஸர்வகலாசாலைக்கு அளித்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நம் நாட்டிலும் 2014 டிசம்பரில், மத்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாக்கள் இரண்டு, தாம் பொருளுதவி செய்யும் ஆராய்ச்சிகளின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமென்று விதித்தன. விதி ஏட்டில் இருந்தால் போதாது. கையொப்பமிடும் கரம் அதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்நிய ஆட்சிக் காலத்திலேயே ஸி. வி. ராமன் 1926-ல் இந்திய பௌதிக சஞ்சிகையைத் தோற்றுவித்தார். 1928-ல் தமது பெருங் கண்டுபிடிப்பை விரித்துரைத்த கட்டுரையை அதிலேயே வெளியிட்டார். உலகம் அந்தச் சஞ்சிகையைத் தேடி வந்து படித்தது. 1930-ல் நோபெல் பரிசும் வந்தது. 1934-ல் பெங்களூரில் அவர் நிறுவிய விஞ்ஞான அகாடமியின் சஞ்சிகைகளை இன்றும் அதன் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

ஆகவே நம் ஸர்வகலாசாலைகள் செய்யத்தக்கவை மூன்று. ஆசிரியர்கள் உரிமையைக் கிரயம் செய்யாமல் அநுமதி மட்டும் அளிக்கும்படி தீர்மானிக்க வேண்டும். ஏற்கப்பட்ட கட்டுரையின் பிரதியைத் தம் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். அடுத்த சந்தா ஒப்பந்தத்தில், படிக்கும் உரிமையோடு மொழிபெயர்க்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்கும்படி சர்க்காரை வற்புறுத்த வேண்டும். மூன்றும் கடினமானவை அல்ல. நீட்டிய பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் பொறுமையும், வேண்டாத வாசகத்தை அடிக்கும் துணிவும் இருந்தால் போதும்.