இளம் பெண் குதிரைகளின் பந்தயத்தில் வேகப் பங்கீடு

குதிரைப் பந்தயத்தில் வேகப் பங்கீடு என்பது, ஒரு குதிரை தன் ஆற்றலைப் பந்தயத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு செலவிடுகிறது என்பதைக் குறிக்கும். ஒரே குதிரை, ஒரே ஆண்டில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஓடினாலும், முதல் பாதியின் வேகம் மாறும்போது முடிவும் மாறிவிடும். அனுபவம் குறைந்த இளம் பெண் குதிரைகளிடம் இது தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டு ஓடிய 'வின்னிங் கலர்ஸ்' என்ற மூன்று வயதுப் பெண் குதிரையின் பந்தயங்கள் இதற்கு நல்ல சான்றாகும்.

இளம் பெண் குதிரை எது?

அமெரிக்கப் பந்தய விதிகளின்படி, நான்கு வயது வரையுள்ள பெண் குதிரைகள் 'ஃபில்லி' எனப்படுகின்றன. அதற்கு மேல் அவை 'மேர்' எனப்படும். இரண்டு வயதில் இவை பெரும்பாலும் குறுகிய தூரப் பந்தயங்களில் ஓடுகின்றன. அங்கே கதவு திறந்ததும் பாய்ந்து முன்னேறுவதே பயன் தரும். மூன்று வயதில் தூரம் கூடுகிறது. 1875 முதல் நடைபெறும் கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்தின் இன்றைய தூரம் 9 பர்லாங், அதாவது சுமார் 1,800 மீட்டர். குறுகிய தூரத்தில் வெற்றி தந்த அதே பாய்ச்சல், இங்கே கடைசி 200 மீட்டரில் காலை வாரிவிடக்கூடும்.

உடலில் நடப்பது என்ன?

நான்கு கால் பாய்ச்சலில் ஓடும் குதிரை ஓர் எட்டுக்கு ஒரு முறை மூச்சு விடுகிறது. ஆக்சிஜனைக் கொண்டு கிடைக்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் வேகம் போனால், தசைகள் ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றலை உண்டாக்குகின்றன. இந்த வழி நீண்ட நேரம் தாங்காது. தசை விரைவில் களைத்துப்போகும். பந்தயத்தில் எல்லாக் குதிரைகளுமே இந்த இருப்பைத் தொட்டாக வேண்டும். அதை எப்போது தொடுவது என்பதுதான் ஜாக்கியின் முன் உள்ள கேள்வி.

முதல் பாதியை மிக விரைவாகக் கடந்த குதிரை, இறுதி நேர்ப்பாதையில் வேகம் குறைந்து ஓடும். பின்னாலிருந்து வரும் குதிரை அப்போது பறந்து வருவது போலத் தோன்றும். உண்மையில் பல நேரங்களில் அதுவும் வேகம் குறைந்துதான் ஓடுகிறது. முன்னால் இருப்பது அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கும்.

மூன்று வகை ஓட்டம்

1. முன்னால் ஓடுபவை: தொடக்கத்திலேயே முன்னணியைப் பிடிப்பவை. மண் தடத்தில் முகத்தில் மண் தெறிக்காது என்பது இவற்றுக்கு ஒரு நன்மை.
2. நெருங்கித் தொடர்பவை: முன்னணிக் குதிரைக்குச் சற்றுப் பின்னால் இருந்து, இறுதி வளைவில் முன்னேறுபவை.
3. கடைசியில் பாய்பவை: பின்வரிசையில் ஆற்றலைச் சேமித்து, நேர்ப்பாதையில் முந்துபவை.

முன்னால் ஓடும் குதிரை ஒன்று மட்டும் இருந்தால், அது தன் விருப்பப்படி வேகத்தை வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று இருந்தால் ஒன்றையொன்று விரட்டும். அப்போது பின்னால் காத்திருப்பவற்றுக்கு வாய்ப்புக் கூடும்.

வின்னிங் கலர்ஸ்: ஒரே ஆண்டு, நான்கு முடிவுகள்

1985-இல் பிறந்த வின்னிங் கலர்ஸ் முன்னால் ஓடும் வகையைச் சேர்ந்தது. அதன் பயிற்சியாளர் டி. வெய்ன் லூகாஸ், ஜாக்கி கேரி ஸ்டீவன்ஸ். 1988 மே மாதம், 10 பர்லாங் தூரமுள்ள கென்டக்கி டெர்பியில் அது ஆண் குதிரைகளுடன் ஓடியது. பெண் குதிரைகளுக்கு அங்கே 5 பவுண்டு எடைச் சலுகை உண்டு. தொடக்கத்திலேயே முன்னணியைப் பிடித்த அதை முதல் பாதியில் எந்தக் குதிரையும் நெருக்கவில்லை. இறுதியில் 'ஃபார்ட்டி நைனர்' வேகமாக நெருங்கி வந்தும், கழுத்தளவு இடைவெளியில் வின்னிங் கலர்ஸ் வென்றது. நேரம் 2 நிமிடம் 2.2 வினாடி, சராசரியாக ஒரு பர்லாங்குக்கு 12.2 வினாடி. 1915-இல் ரிக்ரெட், 1980-இல் ஜெனுயின் ரிஸ்க் ஆகியவற்றுக்குப் பின் இப்பந்தயத்தை வென்ற மூன்றாவது பெண் குதிரை இதுவே.

இரண்டு வாரம் கழித்து நடந்த ப்ரீக்னெஸ் பந்தயத்தில் ஃபார்ட்டி நைனரின் ஜாக்கி பாட் டே அதே வாய்ப்பை மீண்டும் தரவில்லை. தொடக்கம் முதலே வின்னிங் கலர்ஸின் பக்கத்தில் ஒட்டி ஓட்டினார். விளைவு இரண்டு குதிரைகளையும் பாதித்தது. வின்னிங் கலர்ஸ் மூன்றாவதாக வந்தது. ஃபார்ட்டி நைனர் ஏழாவது இடத்துக்குப் போனது. டெர்பியில் மூன்றாவதாக வந்திருந்த 'ரைசன் ஸ்டார்' வென்றது. தூரம் டெர்பியைவிட அரை பர்லாங் குறைவு என்பதால், தோல்விக்குத் தூரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அடுத்து 12 பர்லாங் பெல்மான்ட் பந்தயத்தில் வின்னிங் கலர்ஸ் மீண்டும் முன்னால் ஓடி, ஆறு குதிரைகளில் கடைசியாக முடித்தது. இங்கே வேக நெருக்கடியுடன் தூரமும் சேர்ந்துகொண்டது.

அதே ஆண்டு நவம்பரில், சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில், பெண் குதிரைகளுக்கான 9 பர்லாங் ப்ரீடர்ஸ் கப் டிஸ்டாஃப் பந்தயம் சேறான தடத்தில் நடந்தது. வின்னிங் கலர்ஸ் மீண்டும் தன் வேகத்தில் முன்னணியில் ஓடியது. அதுவரை தோல்வியே காணாத நான்கு வயது 'பர்சனல் என்சைன்' நெடுநேரம் மிகவும் பின்தங்கியிருந்து, இறுதிக் கோட்டில் மூக்கு நுனி அளவில் முந்தியது. அவ்வாண்டின் கென்டக்கி ஓக்ஸ் வெற்றியாளரான 'குட்பை ஹேலோ' மூன்றாவதாக வந்தது. நெருக்கடி இல்லாமல் ஓடவிட்டால் முன்னணிக் குதிரையை முந்துவது எவ்வளவு கடினம் என்பதை இத்தோல்வியும் காட்டுகிறது.

மெதுவான வேகம் யாருக்கு நல்லது?

2007 பெல்மான்ட் பந்தயத்தில் தொடக்க வேகம் மெதுவாக இருந்தது. அவ்வாண்டு கென்டக்கி ஓக்ஸை வென்றிருந்த 'ராக்ஸ் டு ரிச்சஸ்' புறப்படும்போது தடுமாறியது. ஆயினும் விரைவில் முன்வரிசைக்கு அருகில் வந்து இடம்பிடித்தது. மெதுவான பந்தயத்தில் எல்லாக் குதிரைகளிடமும் ஆற்றல் மிச்சமிருக்கும். எனவே மிகவும் பின்னால் இருப்பவை முந்துவது அரிது. நேர்ப்பாதையில் 'கர்லின்' என்ற ஆண் குதிரையுடன் தோளோடு தோள் ஓடி, தலையளவில் அது வென்றது. 1905-க்குப் பின் பெல்மான்டில் ஒரு பெண் குதிரை பெற்ற முதல் வெற்றி அது.

முடிவைப் புரிந்துகொள்ளும் முறை

ஒரு பந்தயத்தின் முடிவைப் பார்க்கும்போது, வென்ற இடைவெளியுடன் பகுதி நேரங்களையும் பார்க்க வேண்டும். முன்னணிக்குப் போட்டியிட்ட குதிரைகள் எத்தனை, முதல் நான்கு பர்லாங்கை எவ்வளவு நேரத்தில் கடந்தன, தடம் காய்ந்திருந்ததா சேறாக இருந்ததா ஆகிய மூன்றும் முக்கியம். கடுமையான தொடக்க வேகத்தைத் தாங்கி மூன்றாவதாக வந்த இளம் குதிரை, எளிதான வேகத்தில் வென்ற குதிரையைவிடச் சிறந்ததாக இருக்கலாம். தரமான குதிரைக்கும் வேகப் பங்கீடு சாதகமாக அமைய வேண்டும் என்பதை வின்னிங் கலர்ஸின் 1988-ஆம் ஆண்டு தெளிவாக உணர்த்துகிறது.