ஏறின கியரிலேயே இறங்கு

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில், பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சாலை சரியத் தொடங்கும். கார் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தால் சில நேரம் ஒரு வாடை அடிக்கும். ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகினாற்போல மூக்குக்குள் ஒட்டிக்கொள்ளும் வாடை. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக் காரில் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். லாரி ஓட்டினவனுக்குத் தெரியும், முன்னால் போகிற ஏதோ ஒரு வண்டியில் பிரேக் லைனர் வெந்துகொண்டிருக்கிறது என்று.

நான் சங்ககிரிக்காரன். 1988-ல் கிளீனராக வண்டி ஏறினேன். 1992-ல் ஹெவி லைசென்ஸ் எடுத்து, 2019 வரை ஸ்டீயரிங் பிடித்தேன். இப்போது கனரக வண்டி பழக வரும் பையன்களுக்குச் சொல்லித் தருகிறேன். அந்தச் சரிவுதான் தொப்பூர் கணவாய். அதை எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் ஒரே ஒரு இறக்கம் இன்றைக்கும் தூக்கத்தைக் கலைக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த இடத்தைப் பற்றி. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44-ல்தான் தொப்பூர் இருக்கிறது. பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி வரும் சரக்கு பெரும்பாலும் இந்தச் சரிவில் இறங்கித்தான் சேலத்துக்குப் போகிறது. 2020 டிசம்பர் 12-ம் தேதி சிமெண்ட் ஏற்றி வந்த ஒரு லாரி இந்தக் கணவாயின் இரட்டைப் பாலம் அருகே கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் இருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல் மோதியது. நாலு பேர் செத்துப்போனார்கள். 2024 ஜனவரி 24-ம் தேதி அதே கணவாயில் லாரிகளுக்கு நடுவே கார்கள் நசுங்கித் தீப்பிடித்தன. அன்றைக்கும் நாலு உயிர். இரண்டு தடவையும் லாரி போனது இறக்கத்தில்தான்.

நாடு முழுக்க 2022-ல் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அதாவது நம் மாநிலத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 49 பேர். இந்தியச் சாலைகளின் மொத்த நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சாலையில் சாகிறவர்களில் 36 சதவீதம் பேர் அங்கேதான் சாகிறார்கள்.

ஆறு குடம் தண்ணீர்

பயிற்சிக்கு வரும் பையன்களிடம் நான் முதல் நாள் கேட்கும் கேள்வி இது: "தம்பி, பிரேக் என்ன வேலை செய்யுது?" எல்லோரும் "வண்டியை நிறுத்துதுங்க" என்பார்கள். அது பாதி பதில்தான். பிரேக் வேகத்தைச் சூடாக மாற்றுகிறது. அந்தச் சூடு சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மில்தான் போய் இறங்கும்.

பத்துச் சக்கர லாரி ஒன்று முழு லோடோடு சுமார் 28 டன் இருக்கும். அது 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். வேகம் கூடாமல் அதைப் பிரேக்கை மட்டும் வைத்துப் பிடித்து இறக்கினால், ஏறத்தாழ 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு சூடு பிறக்கும். வீட்டுக் கணக்கில் ஆறு குடம். அவ்வளவு சூட்டையும் ஒரு சில நிமிடத்தில் அந்தப் பிரேக் டிரம்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

சூடானால் இரும்பு விரியும். டிரம் விரிந்து, அதன் உள்பக்கம் அழுத்தும் லைனரைவிட்டு விலகும். லைனரும் தன் பிடிப்பை இழந்து வழுக்கத் தொடங்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று விபத்துச் செய்தியில் படிக்கிறீர்களே, பல நேரம் பிரேக்கில் ஒரு கோளாறும் இருந்திருக்காது. ஆற வைத்துப் பார்த்தால் நன்றாகவே பிடிக்கும். ஒரு கிலோமீட்டருக்கு முன்பே அதை வேகவைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் 28 டன்னை எதை வைத்து இறக்குவது? என்ஜினை வைத்து. கீழ் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரம் என்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த இழுவையே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். புகை வெளியேறும் வழியை அடைத்து என்ஜினைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிற வண்டியில் அந்தப் பிடி இன்னும் பலமாகும். காலால் மிதிக்கும் பிரேக் அவ்வப்போது துணைக்கு மட்டும்.

எனக்கு வண்டி பழக்கிய பெரியவர் இதை ஒரே வரியில் சொல்வார்: "கண்ணு, எந்தக் கியர்ல மேடு ஏறுவியோ, அதே கியர்ல இறங்கோணும்." அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. முப்பது வருஷம் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

டீசல் மிச்சம்

இவ்வளவு தெரிந்தும் டிரைவர்கள் ஏன் எந்தக் கியரும் போடாமல் நியூட்ரலில் இறக்குகிறார்கள்? எல்லாம் டீசலுக்காக. பல இடங்களில் முதலாளி ஒரு டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுப்பார். மைலேஜ் குறைந்தால் டிரைவர் கணக்கில் பிடிப்பார்கள். மிச்சமானால் அது டிரைவருக்கு. வீட்டில் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவனுக்கு அந்த ரெண்டு லிட்டர் பெரிய காசு. சரிவு வந்ததும் கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டால், வண்டி தானாக உருளும், என்ஜின் சத்தம் அடங்கும், டீசல் மிச்சம் என்று மனசு சொல்லும்.

1997 ஆடி மாசம் என் மனசும் அதையே சொன்னது. கோலாரில் தக்காளி ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிறேன். ஆறு சக்கர வண்டி, லோடு கொஞ்சம் அதிகம். காலை மார்க்கெட்டைப் பிடிக்க வேண்டும். அப்போது தொப்பூரில் நாலு வழிச்சாலை கிடையாது. இரவு இரண்டரை மணி இருக்கும். எதிரே வெளிச்சம் இல்லை என்று பார்த்து நியூட்ரலில் விட்டேன்.

முதல் வளைவு வரைக்கும் சுகமாக இருந்தது. இரண்டாவது வளைவில் பிரேக் மிதித்தேன், பிடித்தது. மூன்றாவது தடவை மிதித்தபோது பெடலில் பழைய பலம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் மீட்டரைப் பார்த்து, "அண்ணே, ஏர் இறங்குதுண்ணே" என்றான். லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் காற்று செலவாகும். அந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரசரை என்ஜின்தான் சுற்றுகிறது. நியூட்ரலில் என்ஜின் மெல்ல முனகிக்கொண்டிருந்தால் கம்ப்ரசரும் மெல்லத்தான் நிரப்பும். நான் மிதித்து மிதித்துச் செலவழிக்கிறேன், அது நிரப்ப முடியாமல் திணறுகிறது.

கியர் போடலாம் என்று கிளட்சை அமுக்கினேன். அந்த வேகத்தில் கியர் விழவில்லை. நறநறவென்று பல் கடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. கியர் ராடு என் உள்ளங்கையைத் திருப்பி அடித்தது. அந்த அடியின் அதிர்ச்சி இப்போதும் கையில் இருக்கிறது.

இடது பக்கம் மலையை வெட்டிய மண் கரை. வண்டியை அதில் சாய்த்தேன். முப்பது நாற்பது மீட்டர் உரசிக்கொண்டே போய் நின்றது. இடது பக்கக் கேபின் உள்ளே நசுங்கியது. பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அவனுக்கு அப்போது பதினெட்டு வயசு. இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறான். நான் மிச்சப்படுத்த நினைத்த டீசல் ஒரு லிட்டர்கூட இருக்காது.

இப்போதைய டிரைவர்களுக்கு ஒரு முக்கியமான சேதி. இன்றைக்கு வரும் வண்டிகளில் டீசல் செலுத்துவதைக் கணினிதான் பார்த்துக்கொள்கிறது. கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் அது டீசலையே நிறுத்திவிடும். சக்கரம் சுற்றுவதாலேயே என்ஜின் ஓடும். நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். ஆக, நியூட்ரலில் இறக்குகிறவர் உயிரைப் பணயம் வைப்பதோடு டீசலையும் கூடுதலாகத்தான் எரிக்கிறார். இதைச் சொன்னால் முப்பது வருஷ அனுபவக்காரர்கள்கூட நம்ப மறுக்கிறார்கள். நம்பித்தான் ஆக வேண்டும்.

கணவாய்க்கு முன் ஐந்து நிமிடம்

என் பையன்களை நான் பழக்குவது இப்படி. சரிவு தொடங்குவதற்கு முன்பே ஓரமாக நிறுத்து. ஏர் மீட்டர் முழுசாக இருக்கிறதா பார். இறங்கி, சக்கரத்தை ஒரு சுற்றுப் பார்த்து வா. டிரம் பக்கம் புறங்கையைக் கொண்டுபோ. தொடாதே, அனல் அடித்தால் ஆறும்வரை உட்கார். தண்ணீர் ஊற்றி ஆற்றாதே, டிரம் விரிசல் விட்டுவிடும். பிறகு சமதளத்திலேயே கீழ் கியரைப் போட்டுக்கொண்டு இறங்கு. வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே வராதே. பலமாக மிதித்து வேகத்தைக் குறை, பிறகு காலை எடுத்து டிரம்முக்கு மூச்சுவிட நேரம் கொடு. இடது ஓரம் உன்னுடையது, அதை விட்டு வராதே.

காரில் போகிறவர்களுக்கு

லாரிக்காரன்மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் நகர மாட்டேன். இறக்கத்தில் லோடு லாரிக்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தால் காரைச் சடாரென்று உள்ளே திருப்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த இடம் அவன் சும்மா விட்டதில்லை. வண்டியை நிறுத்த அவனுக்கு வேண்டிய இடம் அது. 80 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நீங்கள் ஆபத்தைப் பார்த்துப் பிரேக் மிதித்து நிற்க நல்ல சாலையிலேயே ஏறத்தாழ 60 மீட்டர் வேண்டும். 28 டன் இறக்கத்தில் நிற்க எவ்வளவு வேண்டும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கணவாயில் வண்டிகள் தேங்கி நின்றால் நாலு விளக்கையும் எரிய விடுங்கள். இறங்கிச் செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு சாலை நடுவே நிற்காதீர்கள். உங்களுக்குப் பின்னால், மேலே, பிரேக் வெந்த வண்டி ஒன்று வந்துகொண்டிருக்கலாம். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். 2022-ல் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 16,715 பேர். விடிகாலை இரண்டு முதல் ஐந்து மணிவரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரம். அந்த நேரத்தில் டீ குடித்துத் தூக்கத்தை ஏமாற்றலாம் என்று பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் படுத்து எழுந்து போங்கள்.

விபத்தைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-ம் உண்டு. உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

கணவாயில் உயர்மட்டச் சாலை அமைத்துச் சரிவைக் குறைக்கத் திட்டம் இருக்கிறது. நல்லது, சீக்கிரம் வரட்டும். ஆனால் சாலை எவ்வளவு நேரானாலும், டிரைவரின் சோற்றை டீசல் அளவுகோலில் கட்டி வைத்திருக்கிறவரை நியூட்ரல் போகாது. லாரி வைத்திருக்கும் அண்ணன்மார்களே, மைலேஜ் குறைந்தால் பிடித்தம் என்ற வழக்கத்தை விடுங்கள். லைனர் தேய்ந்தால் அடுத்த டிரிப்புக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கணவாய்க்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று வரும் டிரைவரை ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள். ஸ்டீயரிங் அவன் கையில் இருந்தாலும் அவன் கால் எந்தப் பெடலை மிதிக்கும் என்பதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

டிரைவர் தம்பிகளே, சரிவு வருகிறது. கையை நியூட்ரலிலிருந்து எடுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.