கரையில் இருக்கும் சொந்தத்துக்குக் கையால் பின்னிய மப்ளர்



ஆடி, ஆவணி பிறந்தால் நம்ம லயங்களில் பயணப் பேச்சுத்தான். ஒரு வீட்டார் உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் புறப்படுவாங்க. இன்னொரு வீட்டார் சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம் திருவிழாவுக்கு. வேதக்காரக் குடும்பங்கள் கற்பிட்டிப் பக்கம் தலவில புனித அன்னாள் ஆலயத்துக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் போவாங்க. கும்பிடப் போகிற இடம் மட்டுமல்ல. பெண் கட்டிக் கொடுத்த வீடு, தென்னந்தோட்டத்தில் வேலை செய்கிற தம்பி என்று புத்தளம் கரையில் நம்மில் பலருக்குச் சொந்தமும் உண்டு.

சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? முடியாது. அதற்காகக் கடைக்குப் போய்க் கடனுக்குத் துணி எடுக்கிறோம். திருவிழா இரண்டு நாளில் முடிந்துவிடும். கடன் முடிய மூன்று மாதம் ஆகும். நலன்புரி வேலை பார்க்கிற நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிற கதை இது. கையால் பின்னிய ஒரு மப்ளர் அந்தக் கடனைக் குறைக்கும். கொடுக்கிறவரின் உழைப்பும் அதில் தெரியும். ஆனால் ஒன்றை முதலில் யோசிக்க வேண்டும்.

யாருக்குப் பின்னுகிறோம்?

நமக்குக் குளிர்கிறது என்பதற்காக எல்லாருக்கும் கம்பளி பின்னக் கூடாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். வருஷ சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். புத்தளத்தில் அது 27 பாகைக்கு மேல். அங்கே பகலில் வீட்டிலிருக்கிற அத்தைக்குத் தடித்த கம்பளி மப்ளர் கொடுத்தால், சிரித்த முகத்தோடு வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

அப்படியானால் கரையில் யாருக்குமே கம்பளி வேண்டாமா? வேண்டும். இரவில் கடலுக்குப் போகிற மச்சானை நினைத்துப் பாருங்கள். ஈர உடம்பு, திறந்த படகு, விடிய விடிய காற்று. காதையும் கழுத்தையும் மூடிக்கொள்ள அவருக்கு ஏதாவது வேண்டும். இங்கிலீஷ் கால்வாயில் குவர்ன்சி என்ற தீவு இருக்கிறது. அந்தத் தீவின் பேரிலேயே மீனவருக்கான கம்பளி ஜேர்சி ஒன்று உண்டு. காற்றும் தண்ணீரும் சுலபமாக உள்ளே போகாதபடி நெருக்கமாகப் பின்னுவாங்க. கம்பளிக்கு ஒரு குணம்: தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, சூடும் முழுசாகப் போகாது. பருத்தி அப்படியில்லை. நனைந்தால் கனக்கும், குளிரும், காயவும் நேரமாகும்.

ஆகவே கணக்கு இதுதான். இரவில் கடலுக்குப் போகிறவருக்குக் கம்பளி. கரையில் வெயிலில் கருவாடு காய வைக்கிற சின்னம்மாவுக்குத் தலையில் போட மெல்லிய பருத்தி நூல். நம்ம மலையில் இருக்கிற தாத்தா பாட்டிக்குத் தடித்த கம்பளி. போடுகிறவரின் ஊரையும் வேலையையும் வைத்துப் பின்ன வேண்டும்.

நூலைத் தெரிந்து வாங்குங்கள்

கடையில் ‘ஊல்’ என்று கொடுப்பதில் பெரும்பகுதி ஆட்டுக் கம்பளி அல்ல, அக்ரிலிக் என்ற செயற்கை நூல். விலை குறைவு, சீக்கிரம் காயும், கழுவுவதும் லேசு. அது கெட்ட நூல் இல்லை. ஆனால் எது என்று தெரிந்து வாங்க வேண்டும். ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகிய வாடை வந்து, சாம்பல் கையில் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கட்டியாகப் போனால் அக்ரிலிக். கடதாசி எரிந்த வாடை வந்தால் பருத்தி.

அக்ரிலிக் உருகும் என்பதை மறக்காதீர்கள். அந்த மப்ளரைப் போட்டுக்கொண்டு விறகடுப்பைக் குனிந்து ஊதக் கூடாது.

பின்னும் முறை

ஊசி 4 மில்லிமீற்றர் தடிப்பு. பழைய இங்கிலாந்து கணக்கில் 8ஆம் நம்பர். கடையில் கிடைக்காவிட்டால் காய்ந்த மூங்கிலை அதே தடிப்புக்குச் சீவி, அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஒரு முனையைக் கூராக்கலாம். நடுத்தரத் தடிப்புள்ள நூல் 150 முதல் 200 கிராம் போதும்.

முதலில் ஊசியில் 40 கண் ஏற்றுங்கள். ஏறக்குறைய 20 சென்றிமீற்றர் அகலம் வரும். பிறகு வலது கை ஊசியை இடது ஊசியின் முதல் கண்ணுக்குள் முன்பக்கமிருந்து பின்பக்கமாக விட்டு, நூலை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண் வழியாக முன்னுக்கு இழுத்து, பழைய கண்ணைக் கழற்றி விடுங்கள். ஒரு கண் முடிந்தது. வரிசை முடிந்ததும் ஊசியைக் கை மாற்றி அதையே செய்யுங்கள். எல்லா வரிசையும் இப்படியே பின்னினால் ஓரம் சுருளாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். புது நூல் உருண்டையை வரிசையின் ஓரத்தில் சேருங்கள், நடுவில் முடிச்சுப் போடாதீர்கள். கடைசியில் கண்களை மூடும்போது கையைத் தளர்த்திப் பிடியுங்கள். இறுக்கினால் அந்த முனை சுருங்கிப் போகும்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் 40 கண் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். மீன் வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு உண்டு. ஒரு இடம் அறுந்தாலும் மற்றது நிற்கும். நம்ம பின்னலில் முடிச்சு இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டிய வளையந்தான். ஒரு கண் நழுவினால் கீழே வரிசை வரிசையாக அவிழ்ந்துகொண்டே போகும். கண்டவுடன் ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்திவிட்டு, பிறகு எடுத்து ஏற்றுங்கள்.

எத்தனை நாள் ஆகும்? பெரியவருக்கு 150 சென்றிமீற்றர் நீளம் வேண்டும். 10 சென்றிமீற்றருக்கு 40 வரிசை போகும். ஆக 600 வரிசை, வரிசைக்கு 40 கண், மொத்தம் 24,000 கண். புதிதாகப் பழகுகிறவர் நிமிஷத்துக்கு 20 கண் பின்னினால் 20 மணித்தியாலம். பகலெல்லாம் கொழுந்து பறித்த விரலுக்கு இராத்திரியில் ஒரு மணித்தியாலம் போதும். அப்படிப் பார்த்தால் 20 நாள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

ஆபத்து வராமல் இருக்க

தொங்குகிற நுனி சுற்றுகிற எதிலும் மாட்டும். தேயிலை ஃபெக்டரியில் ரோலர், பெல்ட், மோட்டார் பக்கம் வேலை செய்கிறவர் மப்ளரோடு உள்ளே போகவே கூடாது. படகின் வெளி இயந்திரத்துக்கும் இதே பேச்சுத்தான். ஆகவே கடலுக்குப் போகிறவருக்கு நீள மப்ளர் வேண்டாம். 60 சென்றிமீற்றர் மட்டும் பின்னி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக்குங்கள். தலை வழியாகப் போட்டால் கழுத்தில் நிற்கும், தொங்க ஒன்றும் இருக்காது. நூலும் பாதிக்குக் குறைவாகத்தான் செலவாகும்.

சின்னப் பிள்ளைகளுக்கு நீள மப்ளர் கட்டாதீர்கள். பிள்ளைக்காம்பராவில் விடுகிற குழந்தை தூங்கும்போது கழுத்தில் எதுவுமே இருக்கக் கூடாது.

ஆட்டுக் கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். பச்சைத் தண்ணீரில் அமுக்கி எடுத்து, முறுக்காமல், நிழலில் விரித்துக் காய வையுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசச் சொல்லிக் கொடுங்கள்; உப்பு நின்றால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆம்பிளைகளுக்கும் ஒரு வார்த்தை

‘இது பொம்பிளைகள் வேலை’ என்று சில அண்ணன்மார் சொல்லுவாங்க. உடப்புக்குப் போகும்போது கரையைப் பாருங்கள். வாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கண் கண்ணாகப் பின்னுகிறவர்கள் யார்? ஆம்பிளைகள்தான். அவர்களை யாரும் கேலி செய்வதில்லை. நம்ம வீட்டிலும் அம்மா பாதி, அப்பா பாதி பின்னினால் 20 நாள் வேலை 10 நாளில் முடியும்.

முந்திய காலத்தில் துரைமார் தோட்டத்தில் கம்பளி கொடுத்து, அதைக் கணக்கில் எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்கள். நம்ம பாட்டன் பூட்டன் போர்த்திய கம்பளியே கடன் கம்பளிதான். இந்த வருஷம் நாம் சொந்தத்துக்குக் கொண்டு போகிற கம்பளி கடன் இல்லாத கம்பளியாக இருக்கட்டும். பின்னத் தெரிந்தவர்கள் பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்காவது சொல்லிக் கொடுங்கள்.