மலைப்பாதையில் மிதிவண்டி: உழைப்பும் வெப்பமும்

சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் பள்ளிக்கும் வயலுக்கும் மிதிவண்டியில் சென்று வருவோர் பலர். சமநிலத்தில் பத்துக் கிலோமீட்டரை எளிதில் கடப்பவரும், செங்குத்தான மலைப்பாதையில் ஒரு கிலோமீட்டருக்குள் மூச்சிரைத்து இறங்கிவிடுவதுண்டு. நீலகிரியில் மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகமண்டலத்திற்கு ஏறும் சாலை இதற்குப் பெயர் பெற்றது; அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2008-ஆம் ஆண்டு தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ மிதிவண்டிப் பயணத்தில் தேர்ந்த ஓட்டிகளையும் சோதித்த ஏற்றம் அது. இத்தகைய ஏற்றம் உடலிடம் கேட்பது யாது?

திருப்பதியினின்று திருமலை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓட்டியும் வண்டியும் சேர்ந்து 75 கிலோகிராம் எனக் கொள்வோமாயின், அவ்வுயரத்திற்கு ஏறப் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யவேண்டிய வேலை சுமார் 5,15,000 ஜூல் ஆகும். சுற்றிச் செல்லும் சாலையாயினும் நேரே ஏறும் பாதையாயினும் இவ்வளவு மாறுவதில்லை. மாறுவது, அவ்வேலையைச் செய்யும் வேகமே. இரண்டு மணி நேரத்தில் ஏறினால் சராசரியாக 71 வாட் திறன் போதும். ஒரு மணி நேரத்தில் ஏற முயன்றால் 143 வாட் வேண்டும். சாலை உராய்வும் காற்றின் தடையும் இதற்கு மேற்பட்டவை. முன்னது ஆரோக்கியமுள்ள பலருக்கு இயலும். பின்னதற்குப் பயிற்சி தேவை. ஆகவே அடிவாரத்தில் விரைபவரே இடைவழியில் களைப்படைகிறார்.

பல்சக்கரத்தின் பயனும் இதுவே. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையைக் கருதுக. முன்சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்தில் 22 பற்களும் உடைய சாதாரண வண்டியில், பெடலின் மீது சராசரியாக 30 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையை இடைவிடாது செலுத்தவேண்டும். இரு பல்சக்கரங்களிலும் பற்கள் சமமாயின் விசை பாதியாகக் குறையும். ஆனால் இருமடங்கு சுற்றுக்கள் மிதிக்கவேண்டும். வேலை குறைவதில்லை, அது முழங்காலுக்கு ஏற்ற சிறு தவணைகளாகப் பிரிக்கப்படுகிறது. கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் அதே உயரத்தைக் குறுகிய தூரத்தில் ஏறவேண்டியிருப்பதால், அங்குச் சரிவு மிகும். அதற்கு அஞ்சி எதிர்வரும் வண்டிகளின் பக்கம் விலகுதல் ஆபத்தானது. இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவொன்றுமில்லை.

உணவினின்று தசைகள் பெறும் சக்தியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே வேலையாகின்றது. எஞ்சியது வெப்பமாகும். திருமலை ஏற்றத்தில் இவ்வெப்பம் சுமார் 15 இலட்சம் ஜூல். இதை வெளியேற்ற அரை லிட்டருக்கு மேற்பட்ட வியர்வை ஆவியாகவேண்டும். வண்டி மெதுவாகச் செல்வதால் குளிர்விக்கும் காற்றும் குறைவு. எனவே வெயிலேறுமுன் புறப்படுதலும், தாகத்திற்குக் காத்திராமல் சிறிது சிறிதாக நீர் பருகுதலும் அவசியம். தலைச்சுற்றல், குமட்டல், மார்பு வலி தோன்றினால் உடனே நிறுத்தி உதவி நாடவேண்டும்.

ஏற்றம் முடிந்தவுடன் இடர் முடிந்ததென எண்ணுதல் தவறு. ஏறும்போது சேமிக்கப்பட்ட சக்தி முழுவதும் இறங்கும்போது திரும்பி வருகின்றது. அது ஒன்றரை லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்று எதிர்த்துக் கொள்ளும் பகுதி போக, எஞ்சியது பிரேக் கட்டைகளிலும் சக்கர விளிம்பிலும் வெப்பமாகின்றது. விளிம்பு மிகச் சூடேறினால் டியூப் வெடிக்கலாம். மழையில் நனைந்தால் பிரேக்கின் பிடிப்புக் குறையும். திருமலையில் 1944-இல் திறக்கப்பட்ட முதற்சாலை இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாம் சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இவ்வேற்பாட்டினால் எதிர்ப்படும் வண்டிகளின் அபாயம் நீங்கினும் சரிவின் அபாயம் நீங்குவதில்லை. தொடக்கத்திலேயே வேகத்தை அடக்கி, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்தி, இடையிடையே நின்று சக்கரங்களை ஆறவிடுதல் நன்று.

ஆசிரியர்கள் இதைப் பள்ளியருகிலுள்ள மேட்டிலேயே விளக்கலாம். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டு மேட்டின் உயரத்தை அளந்து, மாணவர் ஒருவர் அதை மெதுவாகவும் பின்னர் விரைந்தும் ஏறும் நேரங்களைக் குறிக்கச் செய்க. இருமுறையும் வேலை ஒன்றே, திறன் வேறு என்பது கணக்கினின்று விளங்கும். நாடித்துடிப்பை எண்ணினால் உடலும் அதனையே கூறும்.