இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?

ரயில்வேயின் முன்பதிவு விதிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 60 வயதான ஆணோ 45 வயதான பெண்ணோ தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடு சேர்ந்தோ டிக்கெட் எடுத்தால் கீழ்ப்படுக்கைக்கென்றே தனி ஒதுக்கீடு உண்டு. அதே டிக்கெட்டில் 30 வயது ஆள் ஒருவரின் பெயரைச் சேர்த்துவிட்டால் அந்த ஒதுக்கீட்டில் கேட்க முடியாது. முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சம்பளம் பேசி ஓர் ஆளைக் கூட அனுப்புகிறார் மகன். அந்த ஆள் சேர்ந்த பாவத்துக்கு அம்மாவுக்கு நடுப்படுக்கை விழுந்துவிடுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டு டிக்கெட்டாக எடுப்பார்கள். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்துவிடும். துணைக்கு வந்தவர் ஆறு பெட்டி தள்ளிப் படுத்திருப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போகக் கைபிடித்துவிட வேண்டியவரை போன் போட்டு எழுப்ப வேண்டும், அதுவும் சிக்னல் இருந்தால். துணைக்கு வருகிற பெண்ணுக்கு 45 வயது ஆகியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. வேலைக்குச் சேரும்போது வயதைக் கூட்டிச் சொன்னால் லாபம் என்கிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்படித் துணைக்குப் போகிறவர்களைப் பார்க்கக்கூடிய ஊர் பள்ளிப்பட்டு. திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த பகுதி. நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி இரு மாநில எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறியதே தவிர, ஊர்க்காரர்களின் போக்குவரத்து மாறவில்லை. கல்யாணத்துக்கு நகரி, எலும்பு முறிந்தால் புத்தூர், வேண்டுதலுக்குத் திருத்தணி, சோளிங்கர், திருப்பதி, பெரிய வியாதி என்றால் வேலூர். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இன்னும் தூரத்திலோ வேலை பார்க்க, வயதானவர்கள் வீட்டோடு இருக்கும் இதுபோன்ற ஊர்களில் இந்தப் பயணங்களுக்குக் கூடப் போக ஓர் ஆள் தேவைப்படுகிறது. மாத்திரைப் பையும் வெந்நீர் பிளாஸ்க்கும் தூக்க வேண்டும். கூட்டத்தில் கையை விடக்கூடாது. தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்தால் இன்னும் நல்லது. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. தினக் கூலி, சாப்பாடு, பஸ் சார்ஜ் என்று பேச்சு முடிந்துவிடும். இந்த வேலை பார்ப்பவரை நர்ஸ் என்றும் சொல்ல முடியாது, வீட்டு வேலைக்காரி என்றும் சொல்ல முடியாது.

தர்மசங்கடம் பஸ் ஏறும்போதே தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எந்த மாநிலத்துப் பெண் என்று யாரும் கேட்பதில்லை. ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய 'ஸ்த்ரீ சக்தி' திட்டம் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். கண்டக்டரிடம் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். நகரியில் குடியிருக்கும் பெரியம்மாவைத் திருப்பதிக்கு அழைத்துப் போகப் பள்ளிப்பட்டிலிருந்து வரும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். கைநிறைய வளையலும் வசதியும் உள்ள பெரியம்மா இலவசமாகப் போவார். கூலிக்கு வந்தவர் காசு கொடுத்து டிக்கெட் எடுப்பார். "நான் ஓசியில வரேன், நீ காசு குடுத்து வர்ற. அப்ப யாரு யாருக்குத் துணை?" என்று பெரியம்மா கேட்டால் சிரித்துவைக்க வேண்டியதுதான்.

தமிழக பஸ்ஸில் இன்னொரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமல்ல, அவர்களோடு வரும் உதவியாளர் ஒருவருக்கும் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. அந்த உதவியாளர் அண்ணனா, அத்தையா, அடுத்த வீட்டுக்காரரா என்று கண்டக்டர் விசாரிப்பதில்லை. கூட வருகிறார், அவ்வளவுதான். வேறு எங்கே போனாலும் முதலில் உறவுமுறையைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இது உச்சத்துக்குப் போகும்.

"இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"கூட வந்திருக்கேங்க."

"அது தெரியுதும்மா. மகளா, மருமகளா?"

பின்னால் வரிசை நெளிகிறது. "மக மாதிரி" என்று பெரியம்மா குரல் கொடுப்பார். 'மாதிரி'க்கெல்லாம் படிவத்தில் இடமில்லை. கடைசியில் 'உறவினர்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு சொல் அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பாடாய்ப்படுத்தும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்பது 'உறவினரை'. போன மாதம்தான் அறிமுகமான குடும்பத்தின் மூன்று தலைமுறை வியாதிகளை அவர் எங்கே போய்த் தேடுவார்?

இதைவிடப் பெரிய சோதனை உள்ளே காத்திருக்கும். "இனிப்பே தொடறதில்ல டாக்டர்" என்று பெரியம்மா கணீரென்று சொல்லுவார். வரும் வழியில் பஸ் நின்ற இடத்தில் இரண்டு அதிரசமும் ஒரு பஜ்ஜியும் உள்ளே போனதற்கு நேரில் கண்ட ஒரே சாட்சி பக்கத்தில் நிற்கும். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கிறார், பெரியம்மாவைப் பார்க்கிறார், பிறகு சாட்சியைப் பார்க்கிறார். சாட்சி மின்விசிறியைப் பார்க்கிறது. சம்பளம் கொடுப்பது பெங்களூர் மகன். கூட இருப்பது அம்மா. ராத்திரி மகன் போன் செய்து "அம்மா என்னக்கா சாப்பிட்டாங்க?" என்று கேட்கும்போது யார் பக்கம் நிற்பது? இந்த வேலையின் தலைவலிகளில் பாதிக்கு மேல், காசு தருகிறவர் ஒருவர், பயணம் போகிறவர் இன்னொருவர் என்பதிலிருந்துதான் முளைக்கின்றன.

புத்தூர்க் கட்டு போடப் போகிறவர்களின் துணைக்கு வேறு வகை அனுபவம். புத்தூர் பக்கத்தில் உள்ள ராச்சபாளையத்தின் எலும்பு வைத்தியத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் போகிறார்கள். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. வைத்தியர் எலும்பை இழுத்துப் பொருத்தும் நேரத்தில் நோயாளியை அசையாமல் பிடித்துக்கொள்வது கூட வந்தவரின் வேலை. வலியில் வாய்க்கு வந்த வசவெல்லாம் வைத்தியருக்குப் போகாது, பிடித்திருப்பவருக்குத்தான் போகும். முட்டை வாசனையே ஆகாத சைவ வீட்டுப் பாட்டியாக இருந்தால் வசவு முடிந்த பிறகு இன்னொரு சுற்று உண்டு. "முட்டைன்னு ஏண்டி முன்னாடியே சொல்லல?"

திருமலையில் மூத்த குடிமக்கள் தரிசனம் 65 வயதானவர்களுக்கு. கணவரோடு மனைவியும், மனைவியோடு கணவரும் துணையாக வர இடமுண்டு. சம்பளத்துக்கு வந்த துணையை அந்த விதிக்குத் தெரியாது. ஆதார் அட்டை இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. அட்டையில் அப்பா பெயர் வேறு, ஊர் வேறு. 78 வயதுத் தாத்தாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போன 50 வயதுப் பெண்ணிடம் "பார்யா?" (மனைவியா?) என்று ஊழியர் தெலுங்கில் கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும்! காது மந்தமான தாத்தா, என்ன கேட்டார்கள் என்றே தெரியாமல் "அவுனு, அவுனு" என்று தலையாட்டிவைத்தால் தீர்ந்தது. ஆமாம் என்றால் பொய், அதுவும் பெருமாள் வாசலில். இல்லை என்றால் தாத்தா தனியாக உள்ளே போக வேண்டும், போட்டோவில்கூட மருமகள் முகம் மறந்துபோகிற தாத்தா.

சோளிங்கரில் மனிதர்கள் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அங்கே தொல்லை கொடுப்பவை குரங்குகள். யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படி. முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவதுதான் நெடுநாள் வழக்கம். துணைக்கு வந்தவர் டோலிக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடுவார். முன்னால் டோலியில் சாய்ந்தபடி பெரியம்மா "மெதுவா வாம்மா, அவசரம் இல்ல" என்று பரிவோடு சொல்லிக்கொண்டே மேலே போய்விடுவார். குரங்குக்குத் தேங்காய்ப் பையும் மாத்திரைப் பையும் ஒன்றுதான். பிடுங்கிக்கொண்டு மண்டபத்தின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகக் கடித்துத் துப்பும். பிரஷர் மாத்திரை போனதைவிட, அதை மகனுக்குப் போனில் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கவலை. 2024 மார்ச்சில் ரோப் கார் வந்த பிறகு முதியவர்களுக்கு ஏற்றம் எளிதாகிவிட்டது. எதிரே சின்ன மலை ஆஞ்சநேயருக்கு 400 படிக்கு மேல் ஏற வேண்டியது அப்படியேதான் இருக்கிறது.

காசு கொடுத்துக் கூட்டிப்போகும் துணை ஒன்றும் இன்று வந்த வழக்கமல்ல. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று காசிக்குக் கிளம்பி 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். உடன் போனவர்கள் ஏறக்குறைய நூறு பேர். பல்லக்கு தூக்க, கூடாரம் அடிக்க, சமைக்க, காவல் காக்க என்று ஆளாளுக்கு ஒரு வேலை. வழியெல்லாம் அவர் எழுதிய கடிதங்கள் தெலுங்கில் 'காசி யாத்ரா சரித்ர' என்ற புத்தகமாயின. அந்த நூறு பேரின் வேலையில் பாதியை இன்றைக்கு ஒரே பெண் தோளில் ஒரு பையோடு செய்துவிடுகிறார். பல்லக்கு மட்டும்தான் பாக்கி.

கடல் கடந்து போனவர்கள் கதை இன்னும் சுவாரசியமானது, கொஞ்சம் கசப்பானதும்கூட. வெள்ளைக்காரக் குடும்பங்கள் விடுமுறைக்கோ வேலை முடிந்தோ இங்கிலாந்து திரும்பும்போது கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களை அழைத்துப் போயின. லண்டனில் இறங்கியதும் வேலை முடிந்தது. அதன் பிறகு அந்தப் பெண் யாருக்கும் ஒன்றும் வேண்டாதவர். 1908இல் ஓர் ஆயாவைக் கையில் ஒரே ஒரு பவுண்டோடு கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் விட்டுப் போய்விட்டார்கள். இப்படித் தவித்தவர்களுக்காகவே லண்டனில் 'ஆயாஸ் ஹோம்' என்ற விடுதி இருந்தது. 1900இல் அது ஹாக்னி பகுதியின் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டுக்கு மாறியது.

அந்த விடுதியின் ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. ஆயாவின் திரும்பும் டிக்கெட்டை முதலாளி விடுதியில் கொடுத்துவிட வேண்டும். இந்தியாவுக்குக் கிளம்பும் வேறொரு குடும்பம் ஆயா தேடி வந்தால் அந்த டிக்கெட்டை விடுதி அவர்களுக்கு விற்றுவிடும். டிக்கெட்டோடு ஆயாவும் போவார். கப்பல் ஏறும்போது பெயர்கூடத் தெரியாத குழந்தை, பம்பாயிலோ சென்னையிலோ இறங்கும்போது இடுப்பை விட்டு இறங்காது. இப்படி இரண்டு நாட்டுக்கும் நடுவே 54 முறை போய்வந்தவராகச் சொல்லப்படும் ஆண்டனி பெரேரா என்ற பெண்மணியை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.  மறந்துபோன இந்தக் கதையை வரலாற்றாசிரியர் ரோசினா விஸ்ராம் 1986இல் புத்தகமாக எழுதினார். 2022 ஜூனில் அந்த வீட்டுச் சுவரில் லண்டனின் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

இன்றைய விமானப் பயணத்தில் கூடப் போகும் துணையின் இடத்தைச் சக்கர நாற்காலி பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் அப்பா நன்றாக நடப்பார், காலையில் வயல் வரப்பில் இரண்டு கிலோமீட்டர் போய்வருவார். ஆனாலும் வீல்சேர் கேட்டுப் பதிவு செய்வார் மகள். காலுக்காக அல்ல, நடுவில் விமானம் மாறும் ஊரில் எந்த வாசல், எந்த வரிசை என்று வழிகாட்ட ஓர் ஆள் வேண்டுமே! தள்ளுபவர் கொஞ்சம் நகர்ந்தால் அப்பா எழுந்து நின்று சோம்பல் முறிப்பார். சுற்றி இருப்பவர்கள் அதிசயம் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

அரசு ஏற்பாட்டுப் பயணத்திலும் ஒரு குறை இருக்கிறது. அறநிலையத்துறை 2024 ஜனவரியில் தொடங்கிய அறுபடைவீட்டு ஆன்மிகப் பயணம் நல்ல காரியம். திருத்தணியும் அதில் ஒரு படைவீடு. கூட அழைத்துப் போய்க் கூட்டிவர ஆள் உண்டு, செலவு துறையுடையது. ஆனால் வயது 60 முதல் 70 வரை. 60 வயதில் யாருக்குத் துணை வேண்டும்? தன் செலவில் ஆள் தேடுவது 75 வயதுக்காரர்தான்.

ஊர் திரும்பியதும் கணக்கு. இந்த வேலையில் மிகவும் நெளிய வைக்கும் கட்டம் இதுதான். நான்கு நாள் கைபிடித்து நடந்து, தலை வாரிவிட்டு, ஒரே அறையில் படுத்து, வீட்டுச் சண்டை முழுவதையும் கேட்டு முடித்தவரிடம் "உனக்கு எவ்வளவும்மா ஆச்சு?" என்று கேட்கப் பெரியம்மாவுக்கு வாய் வராது. சொல்ல இவருக்கும் நா எழாது. அதனால் இருவருமே மகனை நடுவில் வைத்துக்கொள்வார்கள். மகன் வாட்ஸ்அப்பில் செலவுப் பட்டியல் கேட்பார். திண்ணையில் உட்கார்ந்து இவர் ஒவ்வொன்றாக எழுதுவார்: பஸ், ஆட்டோ, ஆஸ்பத்திரி சீட்டு, இட்லி, டோலி, காபி. பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கும் பெரியம்மா அடிக்குரலில் கேட்பார்.

"அதிரசத்த என்னன்னு எழுதியிருக்க?"

"இதர செலவுன்னு போட்டுட்டேன் பெரியம்மா."